குப்பை வண்டி வராத ஊர்

ஜப்பானின் சிக்கோகு தீவில், மலைகளுக்கு நடுவே கமிகட்சு என்றொரு சிற்றூர் உண்டு. மக்கள் 1,500 பேருக்கும் குறைவு, பாதிப்பேர் முதியோர். அங்கே குப்பை வண்டி வருவதில்லை. ஊராரே தத்தம் குப்பையைப் பொது நிலையத்திற்குக் கொண்டுவந்து, நாற்பதுக்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரித்துப் போடுகின்றனர். புட்டி வேறு, மூடி வேறு! டப்பாக்களைக் கழுவிக் காயவைத்தே கொண்டுவர வேண்டும். சமையற்கழிவோ வீட்டிலேயே உரமாகிவிடும்.

இவர்களும் ஒரு காலத்தில் குப்பையை வெட்டவெளியில் எரித்தவர்களே. பின்னர் வைத்த எரியுலைகளும் நச்சுப்புகைச் சட்டம் கடுமையானதால் மூடப்பட்டன. புது உலைக்குப் பணமில்லை. (வறுமையும் சில வேளை நல்லாசிரியைதான்!) எரிப்பதையும் புதைப்பதையும் 2020-க்குள் அறவே ஒழிப்போம் என்று 2003-ஆம் ஆண்டில் அறிவித்தனர்.

ஒழிக்க முடியவில்லை. ஐந்தில் நான்கு பங்கே மறுபயன் பெற்றது. மிஞ்சியவை டயப்பர், ரப்பரும் துணியும் பிரிக்கவியலாதபடி ஒட்டிய காலணி போன்றவை.

இதைத் தோல்வி என்பாரும் உளர். நான் ஒப்பமாட்டேன். எழுபது வயது மூதாட்டி தம் கடமையைச் செய்துவிட்டார். எவ்வளவு கழுவினாலும் பிரிக்க முடியாத பொருளைச் செய்து விற்றவர் என்ன செய்தார்? திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில், எறிந்துவிடும் பண்பாட்டைக் கண்டித்தபோது, தொழில் உற்பத்தி முறையையும் சேர்த்தே குறை கூறினார்.

2020-இல் கமிகட்சுவில் எழுந்த புதிய நிலையம், வானிலிருந்து பார்த்தால் கேள்விக்குறியாகத் தெரியும். அக்கேள்வி அந்த மூதாட்டிக்கு மட்டுமா?