ஒண்டும் தெரியேல்லையா?

விடியப்புறம் நுவரெலியாவில் வான் பிடித்து, ஹோட்டன் சமவெளி வாசலில் டிக்கெட் எடுத்து, குளிரில் நடுங்கி நடந்து 'உலக முடிவு'க்குப் போய்ச் சேர்ந்தால் முன்னால் ஒரே வெள்ளை. "காசு வேஸ்ட் மச்சான், ஒண்டும் தெரியேல்ல" என்றான் பக்கத்தில் நின்ற பெடியன். 800 மீற்றருக்கு மேல் செங்குத்தாக இறங்கும் பள்ளத்தைக் காணவந்தவனுக்கு ஏமாற்றம்தானே.

அவனில் பிழை இல்லை. இந்த இடத்தை எங்களுக்கு அறிமுகப்படுத்தியதே ஒரு செல்ஃபி பொயின்ற் ஆகத்தான். ஆனால் அவன் திட்டிய மூடுபனிதான் அந்தக் காடு குடிக்கிற தண்ணி. 2,100 மீற்றருக்கு மேலே, ஓயாத காற்றில், கீன மரங்கள் குள்ளமாகக் குடை விரித்த மாதிரி நிற்கும். கொப்பெல்லாம் பாசி. அந்தப் பாசியும் தடித்த சின்ன இலைகளும் முகிலைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக மண்ணில் இறக்கும். பக்கத்துப் புல்வெளியின் சதுப்புப் பள்ளங்கள் அதைத் தேக்கும். மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் இங்கிருந்து தண்ணி போகுது. திருகோணமலைப் பக்கம் கடலில் கலக்கும் மகாவலியிலும் இந்தப் பனி இருக்கு.

இந்தக் காடு தப்பியதே பெரிய காரியம். கோப்பிக்கும் தேயிலைக்கும் மலைகளை வெள்ளைக்காரன் மொட்டையடித்த காலத்தில், 5,000 அடிக்கு மேலுள்ள காட்டைத் தொடவேண்டாம் என்று 1873இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் சொன்னார். 1988இல் தேசியப் பூங்கா, 2010இல் உலக மரபுரிமை. அதே 2010இல்தான், அழிந்துபோயிற்று என்று நினைத்திருந்த மலைத் தேவாங்கின் முதல் படங்களும் வெளிவந்தன.

பட்டியலில் சேர்த்தவுடன் காடு பிழைத்துவிடாது. மேலே நின்று பாருங்கள், கூட்டம் கூட்டமாக மரங்கள் நின்றபடியே பட்டுப்போகின்றன. வெள்ளைக்காரன் ஓடையில் விட்ட ட்ரவுட் மீன் இன்னும் நீந்துது. நாங்கள் அழகென்று படம் எடுக்கிற மஞ்சள் பூ முட்செடியும் வெளியிலிருந்து வந்து புல்வெளியைப் பிடிப்பதுதான். வாசலில் பொலித்தீனைப் பறிக்கிறார்கள், நல்ல விசயம். ஆனால் கார் தரிப்பிடத்தில் மரைக்குப் பாண் நீட்டுகிறோமே, அதை யார் பறிப்பது? ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கட்டுப்பாடு வந்தால் எனக்குச் சம்மதம், என்னைத் திருப்பி அனுப்பினாலும்.

அன்றைக்குப் பள்ளம் கடைசிவரை தெரியவில்லை. திரும்பும்போது ஒரு கொப்பில், மூக்கில் வெள்ளைக் கொம்போடு ஓணான் ஒன்று அசையாமல் இருந்தது. இலங்கையின் மலைகளை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாதது. அந்தப் பெடியனையும் கூப்பிட்டுக் காட்டினேன். வான் வெளிக்கிடப்போகுது என்று கத்தும்வரை ரெண்டு பேரும் அங்கேயே நின்றோம்.