பப்பாளி இருக்கச் சிராப் எதற்கு?

பள்ளி விட்டதும் என் வகுப்புப் பிள்ளைகள் சிராப் தண்ணீருக்கு ஓடுகிறார்கள். வெறும் சீனியும் சாயமும்! 2019 சுகாதார ஆய்வில், நம் நாட்டுப் பெரியவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு என்று கண்டார்கள். வீட்டுப் பின்புறம் பப்பாளி பழுத்து, பறவை கொத்திக் கிடக்கிறதே, தாய்மார்களே!

10 கிராம் அகார் அகார் தூளை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, பாண்டான் இலை ஒன்றை முடிந்து போட்டு, நன்றாகக் கொதிக்க விடுங்கள். சீனி மூன்று கரண்டி போதும், பழமே இனிக்கும். தட்டில் பப்பாளித் துண்டுகளைப் பரப்பி, சூடு சற்றுத் தணிந்ததும் ஊற்றுங்கள். ஐஸ்பெட்டி இல்லாமலே உறைந்துவிடும். ஜெலட்டின் வாங்கிவிடாதீர்கள், வேகவைக்காத பப்பாளியும் அன்னாசியும் அதை உறைய விடா. அகார் கடற்பாசியில் எடுப்பது, அந்தத் தொல்லை இல்லை. உண்ணும்போது எலுமிச்சை இரண்டு சொட்டுப் பிழியுங்கள்.