வாக்கிங் போற வழியில் விஷம்... உங்கள் செல்லத்தைக் காப்பது எப்படி?

தெருநாய் பிரச்னை எங்கே சூடுபிடித்தாலும், பின்னாலேயே 'விஷம் வைத்துட்டாங்க' என்ற செய்தியும் வந்துவிடுகிறது. 2026 ஜனவரியில் தெலங்கானாவின் ஹனம்கொண்டா, காமாரெட்டி மாவட்டங்களில் நூற்றுக்கணக்கான தெருநாய்களைக் கொன்றதாக ஊராட்சித் தலைவர்கள் மீதே வழக்கு பாய்ந்தது. நீலகிரியில் 2023 செப்டம்பரில், மாட்டின் சடலத்தில் வைத்த விஷத்துக்கு இரண்டு புலிகள் பலியாகின. புலிக்கே அந்தக் கதி என்றால், நம்ம வீட்டு டாமி எம்மாத்திரம்?

உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22-ல் சொன்னது, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுங்கள் என்று. நவம்பர் 7-ல் பள்ளி, மருத்துவமனை, பஸ் ஸ்டாண்டு போன்ற இடங்களிலிருந்து காப்பகத்துக்கு மாற்றச் சொன்னது. கொல்லலாம் என்று இந்த இரண்டு உத்தரவிலும் இல்லை. 'கோர்ட்டே சொல்லிடுச்சுப்பா' என்று பேசுகிறவர்கள் இதைப் படிப்பதில்லை.

ஆனால் தேனாம்பேட்டை மாதிரி நெருக்கமான பகுதியில், என் கணிப்பில், பகையாளியைவிட பெருச்சாளிதான் பெரிய காரணம். மழைநீர் வடிகால், ஹோட்டல் பின்பக்கம், அபார்ட்மென்ட் கார் பார்க்கிங் என எலி மருந்து வைக்காத இடமில்லை. 2024 நவம்பரில் குன்றத்தூர் அருகே வீட்டுக்குள் வைத்த எலி மருந்தால் இரண்டு குழந்தைகள் இறந்ததை மறந்திருக்க மாட்டோம். எங்கே, என்ன மருந்து வைக்கிறீர்கள் என்று உங்கள் அசோசியேஷனிடம் கேட்டு, பெயரைக் குறித்து வையுங்கள். நாய் வாய் நுழையாத பூட்டிய பெட்டிக்குள் வைக்கச் சொல்வதும் நியாயமான கோரிக்கைதான்.

ஏன் பெயர் முக்கியம்? பூச்சிமருந்து என்றால் எச்சில் வழியும், உடம்பு உதறும், கண்ணின் பாப்பா சுருங்கும். நேரம் அதிகம் கிடைக்காது. புரோமடியோலோன் கலந்த எலி கேக் வேறு ரகம். இரண்டு மூன்று நாள் நாய் நல்லா ஓடியாடும், அப்புறம்தான் ஈறிலும் மூக்கிலும் ரத்தம். இதற்கு மாற்றாக வைட்டமின் கே1 இருக்கிறது. வாரக்கணக்கில் கொடுக்க வேண்டும். ஆகவே 'தின்னுச்சு, ஆனா ஒண்ணும் ஆகலையே' என்று இருந்துவிடாதீர்கள். ஜிங்க் பாஸ்பைடு என்றால் வயிற்று அமிலம் பட்டு விஷவாயு கிளம்பும். வாந்தி எடுத்தால் நீங்களும் முகர வேண்டாம். காரில் கண்ணாடியை இறக்கிவிட்டே ஓட்டுங்கள்.

உப்புத் தண்ணீர், எண்ணெய், பால் என்று வீட்டு வைத்தியத்தில் இறங்காதீர்கள். உப்பே தனி விஷமாகிவிடும். மருந்து உறையோடு நேரே டாக்டரிடம் போங்கள்.

பொது இடத்தில் கயிறும் வாய்மூடியும் வேண்டும் என்கிறது மாநகராட்சி. பலர் முகம் சுளிக்கிறார்கள். மாட்டுக்குப் போடும் வாய்க்கூடை மாதிரி, மூச்சு வாங்க இடம்விட்ட கூடை வகையை வாங்குங்கள். தரையில் கிடக்கும் கறித்துண்டைக் கவ்வ விடாது. இறுக்கும் துணி வகை சென்னை வெயிலுக்கு ஆகாது.

யாரோ வேண்டுமென்றே வைத்ததாகச் சந்தேகமா? மிச்ச உணவை கையுறையோடு எடுத்து வையுங்கள், போட்டோ எடுங்கள், நாய் இறந்துவிட்டால் பிரேதப் பரிசோதனை கேளுங்கள். புகாரில் பாரதிய நியாய சன்ஹிதா 325-வது பிரிவைக் குறிப்பிடுங்கள். விலங்கை விஷம் வைத்துக் கொன்றால் ஐந்தாண்டு வரை சிறை. வெறும் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் மட்டும் வழக்கு போட்டால், 1960-ல் எழுதியபடி முதல் குற்றத்துக்கு அபராதம் இன்றும் 10 முதல் 50 ரூபாய்தான்.