மழைக்கால அசதியும் இரவு நேரக் கதையும்



திம்புள்ளப் பக்கம் மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் செப்டம்பர் வரை லேசில் விடாது. லிந்துலையிலும் தலவாக்கலையிலும் நடுப்பகலில் விளக்குப் போட வேண்டியிருக்கும். துவைத்த துணி காயாது, விறகு புகையும். அந்த நாட்களில், "உடம்பெல்லாம் ஒரே அசதி மௌலவி, இது சோம்பலா, ஈமானின் பலவீனமா?" என்று சகோதரிகள் கேட்டனுப்புகிறார்கள்.

இரண்டும் இல்லை. கண்ணில் படும் பகல் வெளிச்சத்தைக் கொண்டுதான் நம் உடல் விழிப்பையும் உறக்கத்தையும் ஒழுங்கு செய்கிறது. வானம் மூடிக்கிடந்தால் சிலருக்கு அந்த ஒழுங்கு தடுமாறும். மழை விடும் நேரம் பார்த்துச் சற்று வெளியே நில்லுங்கள்.

மழை ஓய்ந்தும் அசதி போகாவிட்டால், படியேறும்போது மூச்சு வாங்கினால், இரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள். தேயிலை நாட்டுப் பெண்களுக்கு ஒரு வார்த்தை: சோற்றோடு குடிக்கும் பிளேன்டீ, உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

அசதியை மார்க்கம் பழிக்கவில்லை. இரவுத் தொழுகையில் களைத்தால் பிடித்துக்கொள்ள ஸைனப் (ரலி) அவர்கள் பள்ளிவாசல் தூண்களுக்கிடையே ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் அதை அவிழ்க்கச் சொல்லி, உற்சாகம் உள்ளவரை தொழுது, களைத்தால் ஓய்வெடுக்கும்படி கூறினார்கள்.

இஷாவுக்குப் பின் வீண்பேச்சு கூடாதே, கதை கேட்கலாமா என்பீர்கள். ஒருமுறை ஆயிஷா (ரலி) அவர்கள் பதினொரு பெண்கள் கூடித் தத்தம் கணவரைப் பற்றிப் பேசிய நீண்ட கதையைச் சொன்னார்கள். நபி (ஸல்) அவர்கள் இறுதிவரை கேட்டு, கதையில் வரும் உம்மு ஸர்உவுக்கு அபூ ஸர்உ இருந்ததுபோல் தாம் இருப்பதாக அன்போடு கூறினார்கள். இமாம் திர்மிதீ அவர்கள் தமது ஷமாயிலில் இதை இரவுப் பேச்சு பற்றிய பாடத்தில்தான் வைத்திருக்கிறார்கள்.

காதால் நூல் கேட்பது நமக்குப் புதிதுமல்ல. உமறுப் புலவரின் சீறாப்புராணம் 5027 பாடல்கள் கொண்டது. எழுத்தறியாத மூத்தம்மாமார் பலர் அதைப் பிறர் படிக்கக் கேட்டே அறிந்தார்கள். பிறகு வானொலி வந்தது, கேசட் வந்தது. இன்று கைபேசியிலேயே ஒலிநூல் கிடைக்கிறது. கேட்பதானால் திரையைக் கவிழ்த்து வையுங்கள். அதன் வெளிச்சம் உறக்கத்தைக் கெடுக்கும். சத்தத்தைக் குறைத்து, இருபது நிமிடத்தில் தானாக நிற்கும்படி வையுங்கள். திகில் கதை வேண்டாம். தகரக் கூரையில் மழை விழ, தெரிந்த கதையை நிதானமான குரலில் கேட்பதே சுகம்.

இனி ஆண்களிடம் ஒரு கேள்வி. இந்தப் பக்கத்தை அவர்களிடமும் காட்டுங்கள். பிள்ளைகளுக்கு யூனுஸ் நபியின் சரித்திரம் சொல்லி உறங்க வைப்பவள் உம்மா. அந்த உம்மாவுக்குக் கதை சொல்பவர் யார்? அவள் பேசினால் கேட்பவர் யார்?

பிறருக்குப் போதிக்கும் நானும் அதை எண்ணிப் பார்த்ததில்லை. சென்ற மழைக்காலத்தில் ஓரிரவு ஒரு புத்தகத்தை எடுத்து உரக்கப் படித்தேன். நான்காம் பக்கத்திலேயே என் வீட்டார் உறங்கிவிட்டார். வீணாய்ப் போனதே என்று நினைத்தேன். மறுநாள் இரவு போர்வையை இழுத்துக்கொண்டு அவரே கேட்டார்: "நேற்று எங்கே விட்டீர்கள்?"

வஸ்ஸலாம்.