எண்ண வேண்டாம் என்னும் ஆணை

உள்நோக்கம் இல்லாவிட்டாலும் ஒரு குழுவை அதிகம் பாதிக்கும் நடைமுறைதான் விளைவுவழிப் பாகுபாடு. அது பற்றி நிலுவையில் கிடந்த புகார்களை 2025 செப்டம்பர் 30-க்குள் மூடிவிடும்படி அமெரிக்கச் சமவேலைவாய்ப்பு ஆணையம் (இ.இ.ஓ.சி.) தன் அலுவலகங்களுக்குச் சொல்லிவிட்டது. விளைவுவழிப் பொறுப்பை அமலாக்குவதைக் கைவிடச் சொல்லி 2025 ஏப்ரல் 23 அன்று கையெழுத்தான 14281-ஆம் நிர்வாக ஆணையின் தொடர்ச்சி இது. அதே ஆண்டு ஜனவரியில் வந்த 14173-ஆம் ஆணை, அதிபர் ஜான்சன் காலத்து 11246-ஆம் ஆணையை ரத்து செய்து கூட்டரசு ஒப்பந்ததாரர்களின் உடன்பாட்டு நடவடிக்கைத் திட்டங்களுக்கு முடிவு கட்டியிருந்தது. இடையே ஜூன் 5 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஏம்ஸ் தீர்ப்பு வந்தது. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, ‘இனித் தகுதி மட்டுமே’ என்று தலைப்பிட்டுச் சுற்றறிக்கை விடுவது மனிதவளத் துறையில் வழக்கமாகிவிட்டது. அமெரிக்கத் தாய் நிறுவனங்களுக்காகச் சென்னையிலிருந்து ஆட்தேர்வு நடத்தும் நம் வாசகர்கள் பலரின் மேசைக்கும் அப்படியொன்று வந்திருக்கும். மூன்றும் ஒன்றல்ல. ஏம்ஸ் சரியான தீர்ப்பு. 14281 தவறான ஆணை. இரண்டாவது நிலைத்தால் முதலாவது வெறும் காகித உரிமையாகிவிடும் என்பது இந்த இதழின் கருத்து.

ஏம்ஸிலிருந்து தொடங்குவோம். பெரும்பான்மைக் குழுவைச் சேர்ந்தவர் வழக்குத் தொடுத்தால் ‘பின்னணிச் சூழல்’ என்ற கூடுதல் சுமையையும் தாங்க வேண்டும் என்பது ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் நிபந்தனையாக இருந்தது. உச்ச நீதிமன்றம் அதை ஒருமனதாகத் தள்ளியது. வேலைவாய்ப்பில் பாகுபாட்டைத் தடைசெய்யும் டைட்டில் செவன் சட்டப்பகுதி காப்பது தனிமனிதரை, அவர் எந்தக் குழுவானாலும் அளவுகோல் ஒன்றே என்று எழுதியவர் நீதிபதி ஜாக்சன். இதில் மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் தனிமனிதர் தனக்கு நேர்ந்ததை எப்படி அறிவார்? கிளைன், ரோஸ், வால்டர்ஸ் மூவரும் 2022-இல் வெளியிட்ட ஆய்வை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் மிகப் பெரிய 108 நிறுவனங்களுக்கு 83,000-க்கும் மேற்பட்ட கற்பனை விண்ணப்பங்கள் போயின. கறுப்பினப் பெயருக்கு அழைப்பு 2.1 சதவீதப் புள்ளி குறைந்தது. நூறு விண்ணப்பத்துக்கு இரண்டு அழைப்பு குறைவு என்பதை எந்த ஒரு விண்ணப்பதாரரும் தன் ஒற்றை நிராகரிப்புக் கடிதத்திலிருந்து கண்டுபிடிக்க முடியாது. எண்ணிக் கூட்டியபோதுதான் அது தெரிந்தது. பறிபோன அழைப்புகளில் ஏறக்குறைய பாதிக்கு ஐந்தில் ஒரு பங்கு நிறுவனங்களே காரணம் என்பதும் அப்போதுதான் வெளிப்பட்டது. கூட்டரசு ஒப்பந்தம் பெற்ற நிறுவனங்களிலும், ஆட்தேர்வை ஒரே இடத்திலிருந்து நடத்தும் நிறுவனங்களிலும் இடைவெளி குறைவாக இருந்தது. இந்தத் தொடர்பை வைத்தே காரணத்தை நிறுவிவிட முடியாது. ஆனால், கணக்கு ஒப்படைக்க வேண்டியிருந்த இடத்தில் பாகுபாடு குறைந்திருந்தது என்பதை அறிந்த பிறகும் அந்தக் கணக்கையே கைவிடச் சொல்பவர்கள் ஏதாவது விளக்கம் தர வேண்டாமா? வெள்ளையர் என்பதால் ஒதுக்கப்பட்டேன் என்று நாளை புகார் தருபவருக்கும் இதே எண்கள்தான் தேவைப்படும்.

நம் தொழிலுக்கு இதைவிட நெருக்கமான இழப்பு ஒன்று உண்டு. இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதியதுதான்: தேர்வுக் கருவியின் ஏற்புடைமையை நிரூபிக்கும் கடமை. அது உளவியலாளர்களின் மனசாட்சியிலிருந்து பிறக்கவில்லை. கிரிக்ஸ் வழக்கிலிருந்து பிறந்தது. வட கரோலினாவின் டான் ரிவர் அனல் நிலையத்தில், கறுப்பினத்தவரை லேபர் பிரிவோடு நிறுத்தி வைத்திருந்த ட்யூக் பவர் நிறுவனம், டைட்டில் செவன் நடைமுறைக்கு வந்த 1965 ஜூலை 2 அன்றே வொண்டர்லிக், பென்னட் சோதனைகளைக் கொண்டுவந்தது. உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் ஏற்கெனவே நிபந்தனையாக இருந்தது. 1960 கணக்கெடுப்பின்படி அந்த மாநிலத்தில் பள்ளி முடித்த வெள்ளை ஆண்கள் 34 சதவீதம், கறுப்பின ஆண்கள் 12 சதவீதம். நிபந்தனை வருவதற்கு முன்பே சேர்ந்திருந்த, சான்றிதழ் இல்லாத வெள்ளைத் தொழிலாளர்கள் அதே வேலையைக் குறையில்லாமல் செய்துகொண்டிருந்தார்கள். வழக்கின் உயிர்நிலை அங்கேதான் என்பேன். வேலைக்கும் சோதனைக்கும் என்ன தொடர்பு என்று 1971-இல் நீதிமன்றம் கேட்டது. நிறுவனத்திடம் பதில் இல்லை. அந்தக் கேள்வி இல்லாமல் 1975-இன் ஆல்பமார்லி தீர்ப்பு இல்லை, ஆட்தேர்வு நடைமுறைகளுக்கான 1978 வழிகாட்டு நெறிகள் இல்லை. வேலைப் பகுப்பாய்வை இவ்வளவு கவனமாக எழுதும் பழக்கமும் நமக்கு வந்திருக்குமா என்பது சந்தேகமே.

அந்த நெறிகளிலுள்ள ஐந்தில் நான்கு விதி கொல்லைப்புற ஒதுக்கீடு என்பது பழைய குற்றச்சாட்டு. அந்த விதி எண்ணைச் சரிக்கட்டச் சொல்லவில்லை. ஒரு குழுவின் தேர்வு விகிதம், மிக அதிகமாகத் தேர்வாகும் குழுவின் விகிதத்தில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் கருவிக்கு ஆதாரம் காட்டு என்கிறது. ஆதாரம் இருந்தால், அதே பயனைக் குறைந்த பாதிப்போடு தரும் மாற்றுவழியை வழக்காடுபவர் காட்டாதவரை, கருவியை வைத்துக்கொள்ளலாம். இனவாரியாக மதிப்பெண்ணைத் திருத்துவதை 1991 குடிமை உரிமைச் சட்டமே தடைசெய்தது. எண்கள் பிடிக்கவில்லை என்பதற்காக நடந்து முடிந்த தேர்வைத் தூக்கியெறிய முடியாது என்று 2009-இல் ரிச்சி வழக்கு சொல்லிவிட்டது. ஏற்புடைமை ஆய்வுக்குச் செலவழிக்க மனமில்லாமல் சத்தமின்றி எண்ணைச் சரிக்கட்டிய நிறுவனங்கள் இருந்திருக்கலாம். அது சட்டமீறல், அதற்குத் தண்டனை ஏற்கெனவே இருக்கிறது. கணக்கு நோட்டையே கொளுத்துவது அதற்கு மருந்தாகாது.

இன்னொரு மறுப்பு கனமானது: அறிதிறன் சோதனைதான் வேலைத்திறனை நன்றாக முன்கணிக்கிறது, சமத்துவத்தின் பெயரால் அதைத் தளர்த்தினால் தகுதி அடிபடும் என்பது. சோதனைக்கும் வேலைத்திறனுக்கும் உள்ள தொடர்புக் குணகமாக ஷ்மிட், ஹன்டர் 1998-இல் தந்த 0.51-ஐ வேதவாக்காகப் பிடித்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. தேர்வானவர்களை மட்டுமே அளப்பதால் வரும் வீச்சுக்குறுக்கத்துக்கான திருத்தம் மிகையாகப் போடப்பட்டிருக்கிறது என்று சாக்கெட் குழு 2022-இல் காட்டி, அதை 0.31-க்கு இறக்கியது. பட்டியலின் உச்சியில் இப்போது இருப்பது கட்டமைத்த நேர்காணல், 0.42, அதில் இனவாரி மதிப்பெண் இடைவெளியும் குறைவு. தகுதியும் சமவாய்ப்பும் எப்போதும் ஒன்றையொன்று கடிப்பவை அல்ல என்று நம் துறையின் சொந்த எண்களே சொல்லத் தொடங்கிய நேரத்தில், தகுதியின் பெயரால் இந்த ஆணை வருகிறது. தகுதியை அளக்கிறேன் என்பவரிடம் அளவுகோலைக் காட்டச் சொல்வது எப்படித் தகுதிக்கு விரோதமாகும்?

அதிகாரிகளின் பொறுப்பின்மை ஒரு கட்சியோடு முடிவதில்லை. 1978 நெறிகள் காகித விண்ணப்பக் காலத்தவை. அதற்குப் பின் இரு கட்சி ஆட்சிகளும் மாறிமாறி வந்தன; ஒருவரும் அவற்றைப் புதுக்கவில்லை. மென்பொருள் வழித் தேர்வுக்கும் அதே தராசு பொருந்தும் என்று 2023 மே மாதத்தில் இ.இ.ஓ.சி. ஒரு விளக்கக் குறிப்பு போட்டது. கட்டுப்படுத்தும் விதி அல்ல, குறிப்புதான். 2025 ஜனவரியில் அதுவும் இணையதளத்திலிருந்து மறைந்தது. தரவரிசை இயந்திரங்கள் லட்சக்கணக்கான விண்ணப்பங்களை மனிதக் கண் படுமுன் கழித்துக் கட்டும் காலத்தில், மேற்பார்வை செய்ய வேண்டியவர்கள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்கள். கருவி விற்பவர்களுக்கு இதைவிட நல்ல பரிசு கிடைக்காது. முப்பது, நாற்பது ஆண்டுகளாக ஏற்புடைமை அறிக்கை எழுதிய உளவியலாளர்களை அழைத்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூட இந்த ஆணையின் வாசகம் வேறாக இருந்திருக்கும்.

ஆணையால் சட்டத்தைத் திருத்த முடியாது. விளைவுவழிப் பொறுப்பை 1991-இல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறது; ஆணையம் விலகிக்கொண்டாலும் வழக்குத் தொடரும் அனுமதிக் கடிதத்தோடு தனியார் நீதிமன்றம் போகலாம். ஆகவே பாதிப்பு விகிதக் கணக்கை நிறுத்தச் சொல்லித் தாய் நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்தால் அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அவர்களுடைய சட்டப் பிரிவின் கையொப்பத்தையும் கேளுங்கள். ஒவ்வொரு கட்ட வடிகட்டலின் தரவையும் அழிக்காமல் வையுங்கள். கருவி விற்க வருபவரிடம், எந்த வேலைக்கு, யாரை வைத்து, எந்த ஆண்டில் சோதித்தீர்கள் என்று கேளுங்கள். வண்ண விளக்கப்படம் காட்டினால் தொழில்நுட்பக் கையேட்டைக் கேளுங்கள். அது இல்லாத கருவிகளின் விமர்சனம் இந்த இதழில் இனி வராது.