கூடைக்குக் கூலி இல்லாத பஸ்

மதுரைக்கு வடக்கே அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து நகருக்கு வரும் அதிகாலை பஸ்ஸில் காலை வைக்கவே இடம் கிடைப்பது கடினம். நடைவழி முழுவதும் கூடைகளும் சாக்குகளும். கத்தரி, வெண்டி, கீரைக் கட்டு. வெளியே பெரியாற்றுக் கால்வாய் நீர் பாயும் வயல்கள். நகரை நெருங்க நெருங்க அவை குறைந்து, வீட்டுமனைக் கற்கள் நட்ட தரிசுகள் தொடங்குகின்றன. சில வருடங்களுக்கு முன் அவ்வழியே பயணம் செய்தபோது, நடத்துநர் அந்தக் கூடைகளுக்குச் சுமைக்கூலி கேட்கவில்லை என்பதைக் கவனித்தேன். பக்கத்தில் இருந்த அம்மா தமது படம் ஒட்டிய அட்டையைக் காட்டினார். உழவர் சந்தை அட்டை.

தமிழ்நாட்டு அரசு முதலாவது உழவர் சந்தையை 1999 நவம்பர் 14 இல் மதுரை அண்ணா நகரில் திறந்தது. இன்று அங்கே நூற்றுக்கு மேற்பட்ட சந்தைகள் உண்டு. கடைக்கு வாடகை இல்லை. தராசு அங்கேயே தரப்படும். அன்றைய விலை காலையில் பலகையில் எழுதப்படும். மொத்த விலையிலும் கூடியது, சில்லறை விலையிலும் குறைந்தது. தரகருக்கு அங்கே வேலை இல்லை. ஆட்சி மாறியபோது சில சந்தைகள் கவனிப்பாரற்றுப் போனதும் உண்மையே. பெருந்தொகையான மரக்கறி இன்றும் ஒட்டன்சத்திரம் போன்ற இடங்களின் கமிஷன் மண்டிகள் வழியாகத்தான் போகிறது. ஆகவே அங்கே எல்லாம் நலமே என்று எழுத நான் வரவில்லை.

ஆயினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். வீதி போட்டால் கிராமம் முன்னேறும் என்று எல்லோரும் எமக்குச் சொல்கிறார்கள். 2009 இன் பின் ஏ9 வீதி திறந்தது. எமது வெங்காயம் தெற்கே போனது மெய்தான். அதே வீதியால் வெளி மாவட்ட மரக்கறியும் லொறி லொறியாக வந்து எமது விலையை விழுத்தியது. வீதி இரண்டு பக்கமும் ஓடும். அதன் முடிவில் தராசை யார் பிடிக்கிறார் என்பதே கமக்காரனின் கேள்வி. எமது சந்தைகளில் பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோ 'கழிவு' என்று கழிப்பதை எத்தனை வருடமாகப் பொறுத்திருக்கிறோம்! விடியப் புறம் கடகத்தோடு வந்தவருக்கு, அதைத் திருப்பிக் கொண்டுபோகப் பஸ் காசு இல்லை. அந்தப் பலவீனத்தில்தான் கழிவு நிற்கிறது.

இங்கும் அப்படி ஒரு சந்தை வரவேண்டும் என்பது என் எண்ணம். ஆனால் அட்டை விடயத்தில் அவதானம் தேவை. அங்கே கிராம நிர்வாக அலுவலர் காணியையும் பயிரையும் உறுதிப்படுத்திய பின்பே அட்டை. இங்கே சொந்தக் காணியை இன்னும் மிதிக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். பிறர் நிலத்தில் வாய்ப்பேச்சுக் குத்தகைக்குச் செய்கிறார்கள். உறுதி கேட்டால், உறுதி ஷெல் விழுந்த வீட்டோடு எரிந்துவிட்டது. அவர்களைத் தரகர் என்று வாசலில் மறித்தால் இத்தனை பாடும் எதற்கு?

உறுதியைப் பாராமல் தோட்டத்தில் நிற்கும் பயிரைப் பார்த்து அட்டை கொடுக்கலாம். கிராம சேவகரும் கமக்காரர் சங்கச் செயலாளரும் ஒருநாள் வரம்பில் நடந்தால் போதும். அடுத்த சங்கக் கூட்டத்தில் வீதிக்கு மனு எழுதும்போது, கழிவை நிறுத்தும்படியும் கூடைக்குப் பஸ்ஸில் கூலி எடுக்க வேண்டாமென்றும் அதே தாளில் எழுதுங்கள். மனுவில் பெண்களின் கையெழுத்தும் இருக்கட்டும். சந்தைக்குக் கடகம் சுமப்பவர்கள் அவர்கள்தானே.