காக்காய் வலிப்பு தலைவிதியல்ல!

ஆலைத் தொழிலாளியின் பிள்ளை வலிப்பு வந்து விழுந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறார்கள். பேய் என்று மந்திரிக்கிறார்கள். பணக்காரன் பிள்ளை விழுந்தால் மூளையைப் படம் எடுத்துப் பார்க்கிறார்கள். நோய் ஒன்று, வைத்தியம் இரண்டா?

உண்மை என்ன? சில குழந்தைகளின் வலிப்புக்குக் காரணம், மூளையில் மெல்ல வளரும் சிறு கட்டி. பெரும்பாலும் அது பரவிக் கொல்லும் புற்று அல்ல. ஆனால் பக்கத்து நரம்புகளைக் கிளறி ஓயாமல் வலிப்பை உண்டாக்குகிறது. பல சமயம் மாத்திரைக்கு அது அடங்குவதில்லை. பொருத்தமான இரண்டு மருந்துகளை முறையாகக் கொடுத்தும் நிற்காத வலிப்பு, மருந்துக்கு அடங்காத வலிப்பே என்று 2010-ல் உலக வல்லுநர்கள் வரையறுத்தார்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆனால் மூளையை எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கட்டியை முழுதும் அகற்றினால் பத்துக் குழந்தைகளில் ஏழெட்டுப் பேருக்கு வலிப்பு நிற்கிறது. சீக்கிரம் செய்தால் பலன் அதிகம்.

"இது அமெரிக்க வைத்தியம்" என்கிறார்கள் சிலர். பொய்! வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-லேயே மூளை அறுவைப் பிரிவைத் தொடங்கினார். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் 1995 முதல் வலிப்புக்கு அறுவை நடக்கிறது. திறமை இருக்கிறது, கூலிக்காரனுக்குத்தான் எட்டவில்லை!

2025-க்குள் தேச வருமானத்தில் 2.5 சதம் மக்கள் சுகாதாரத்துக்கு என்று மத்திய சர்க்கார் 2017-ல் அறிவித்தது. கெடு போய்விட்டது, பணம் வரவில்லை.

நாம் கோருவது தர்மமல்ல, உரிமை. ஜில்லா ஆஸ்பத்திரிதோறும் நரம்பு டாக்டர் வேண்டும்! காசில்லாமல் எம்.ஆர்.ஐ. வேண்டும்! பிள்ளையோடு போகும் தாய்க்குக் கூலியோடு லீவு வேண்டும்! ஒவ்வொரு சங்கக் கிளையும் இக்கோரிக்கையைக் கையில் எடுக்கட்டும்!